எதிரணி கொடுத்த ஐஸ்

"அய்யய்யோ, பேடா பேடா! சூடு வைக்காதீங்க!"

வேண்டாம் வேண்டாம் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே, திறந்திருந்த கதவு வழியாக நேரே ஹாலுக்கே வந்துவிட்டாள் ஸ்வர்ணா.

வறுத்த உப்பைத் துணியில் முடிந்து, உஷாவின் கணுக்காலில் ஒத்தடம் கொடுக்கப் போன அவள் கணவன் உத்தமன் அப்படியே நின்றான்.

உஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அல்சூர் ஏரிக்கரை அபார்ட்மென்ட்டில் அன்று காலையில்தான் லேடீஸ் த்ரோபால் செமி ஃபைனல். ஏ பிளாக்கை ஜெயிக்க வைத்த கையோடு, கேப்டன் உஷா கால் பிசகி விழுந்தாள். அடுத்த ஞாயிறு ஃபைனல். எதிர் டீம் பி பிளாக். அதற்குக் கேப்டனே இந்த ஸ்வர்ணாதான்!

"எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம். வீக்கம் வத்தினா ஆடலாம்னு டாக்டர் சொன்னார்," என்றான் உத்தமன். "எங்க ஊர்ல சுளுக்குன்னா உப்பு ஒத்தடம்தாங்க."

"புதுசா பட்ட அடிக்குச் சூடு வெச்சா வீக்கம் இன்னும் ஏறும் சார். ரெண்டு நாளைக்கு ஐஸ்தான். நேரா தோல்ல வைக்காதீங்க, துணி சுத்தி வைங்க. கால் மணி நேரம் போதும். உஷா, நீ காலைத் தலகாணி மேல தூக்கி வை."

கையோடு கொண்டுவந்த ஐஸ் பேக்கை நீட்டிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் டீம் தோழி சௌம்யா பொரிந்தாள்.

"அக்கா, நம்பாதீங்க! உங்க கால் சரியாகணும்னு அவ எதுக்கு நினைக்கப் போறா? விறைக்க வெச்சு உட்கார வெச்சிடுவா. தூக்கிக் கடாசுங்க!"

உஷாவுக்கும் சந்தேகம்தான். ஆனால் வலியில் உயிர் போனது. வைத்துப் பார்த்தாள். அப்பாடா!

ஸ்வர்ணா விடவில்லை. ஆபீஸ் போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை வந்து பேக்கை மாற்றினாள். எழுந்து நடந்தால் திட்டினாள். பன் மாதிரி இருந்த கால் மெல்ல வற்றியது. வெள்ளிக்கிழமை டாக்டரும் சரி என்றுவிட்டார்.

ஃபைனலில் உஷா பிய்த்து உதறினாள். பி பிளாக்கும் சளைக்கவில்லை. கடைசிப் பாயின்ட்டில் ஸ்வர்ணா மூலை பார்த்து எறிந்த பந்து, பாய்ந்து விழுந்த உஷாவின் விரல் நுனியைத் தொட்டுவிட்டுப் போனது. கப் பி பிளாக்குக்கு.

"சொன்னேன்ல அக்கா! எல்லாம் அந்த ஐஸ் பண்ண வேலை!"

"சும்மா இருடி. கால் ஜம்முனு இருந்துச்சு. முழுசா ஆடித்தான் தோத்தோம்," என்றாள் உஷா, தலை நிமிர்ந்து.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. நேரே ஸ்வர்ணாவிடம் போனாள்.

"நான் ஆடாம இருந்திருந்தா உங்களுக்குக் கப் சுளுவா கிடைச்சிருக்குமே. எதுக்கு இவ்வளவு பாடு?"

ஸ்வர்ணா வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"போன வருஷம் நீ தங்கச்சி கல்யாணம்னு நாமக்கல் போயிட்ட. கப் எங்களுக்கு வந்துச்சு. லிஃப்ட்ல பார்க்கிறவங்க எல்லாம், 'உஷா இல்லை, அதான் ஜெயிச்சீங்க'ன்னாங்க. அந்தக் கப்பை ஷோகேஸ்ல வைக்க மனசே வரலை, லாஃப்ட்லதான் கிடக்கு. அதை இறக்கணும்னா, நல்லா நிக்கிற உஷாவைத்தானே நான் ஜெயிக்கணும்?"