ஒரே ஓர் அடி

வெள்ளவத்தையில் ரயில் பாதையோரத்து மேல்மாடி அறையில் மாலை வெயில் ட்ரம்ஸ் மேல் சாய்ந்து கிடக்கிறது. இவ்வளவு காலமும் ரயில் வந்தால் திட்டிக்கொண்டே பாட்டை நிறுத்திய ராக் குழு, கொழும்பின் ஒரு நாளைச் சொல்லும் புது அல்பத்துக்காக இன்று ஜன்னலில் மைக்கைக் கட்டி அதே ரயிலுக்குக் காத்திருக்கிறது. "ரயில் போனாப்பிறகு நீ ஒரு அடி அடிச்சாக் காணும்," என்கிறான் கிட்டார் வாசிக்கும் சாத்தப்பன். "ஒண்டே ஒண்டா? அப்ப நான் என்னத்துக்கு?" என்று முறைக்கிறான் ட்ரம்ஸ்காரன் சங்கிலி. ரயில் தடதடத்து வருகிறது. ஜன்னல் கண்ணாடியும் சிம்பலும் சேர்ந்து நடுங்கி ஓய்கின்றன. சங்கிலி குச்சியை ஓங்குகிறான். ரயில் விட்டுப்போன அமைதிக்குள் பாதைக்கு அப்பால் கடல் இரைகிறது. இத்தனை வருஷத்தில் இந்த அறைக்குள் அவன் அதைக் கேட்டதே இல்லை. 'அடி மச்சான்' என்று சத்தமில்லாமல் வாயசைக்கிறான் சாத்தப்பன். சங்கிலி குச்சியை மெதுவாக மடியில் இறக்கிவிட்டு, உதட்டில் விரலை வைக்கிறான்.