துரைசாணி நாய்க்குச் சுகமில்லை

“பெத்தவ தொண்டையில ஒரு பருக்கை எறங்கல. அவளுக்குன்னு நான் அறுத்த கோழிய நாய்க்குத் தூக்கிட்டுப் போறியே, நீயெல்லாம் ஒரு மகனாடா?”

பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியாயி போட்ட சத்தத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான அந்த லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

சன்னாசி கோழிச் சட்டியோடு பங்களாவுக்கு நடந்தான். தோட்டத்தை நடத்தும் துரையின் நாயைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அதற்காக விசுவாசத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

லயத்துக் காம்பராவுக்குள் அவன் அம்மா மாரியாயி கிடந்தாள். முன்பு பங்களாவில் ஆயாவாக இருந்தவள். கை நடுங்கிப் பீங்கான் கோப்பைகள் உடைய ஆரம்பித்ததும் வேலை போயிற்று. பதுளை டவுன் டாக்டர் அதை நடுக்குவாதம் என்றார். துரையின் மனைவி துரைசாணி திமிர் என்றாள். தோட்டத்தில் துரைசாணி சொல்வதுதான் செல்லும்.

இப்போது மூன்று நாளாக விழுங்க முடியவில்லை. தண்ணீர் கொடுத்தாலும் புரை ஏறியது. காய்ச்சல் வேறு, நெஞ்சுக்குள் கர்கர் என்று சத்தம். “இன்னைக்கே பதுளைக்குக் கொண்டு போ, இல்லாட்டி தாங்காது” என்று தோட்டத்து டிஸ்பென்சர் கையை விரித்துவிட்டார்.

விடிந்ததும் சன்னாசி தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் சிற்றம்பலத்திடம் லொறி கேட்டுப் போயிருந்தான்.

“லொறி கொழுந்து ஏத்தவோ, கிழவியளை ஏத்தவோ?”

“பஸ்ஸுல உக்கார வைக்க முடியாதுங்க ஐயா. மூச்சு முட்டுதுங்க.”

“வயசு போனால் எல்லாருக்கும் இப்பிடித்தான். மல்லித்தண்ணி குடு. விட்டால் துரையின்ரை காரையும் கேப்பாய் போல!”

சன்னாசி கும்பிட்டுவிட்டு வந்துவிட்டான். அதற்குப் பிறகுதான் இந்தக் கோழிச் சட்டி விவகாரம்.

மத்தியானம் பங்களாவில் பெரிய விபரீதம் நடந்தது. தட்டில் வைத்த மாட்டிறைச்சியை நாய் பிரின்ஸ் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. துரைசாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், ஒரு வேளை முழுக்கச் சாப்பிடவில்லையே!

நாடு சுதந்திரம் அடைந்த அன்றுகூடத் தோட்டம் இப்படிப் பரபரக்கவில்லை. சிற்றம்பலம் குடையை மறந்து மழையில் ஓடி வந்தார்.

“அலவி, காரை எடு! கெதியாப் பதுளைக்குப் போய் மிருக வைத்தியரிட்டைக் காட்டு! டேய் சன்னாசி, நாயைப் பிடி!”

“ரோட்டு வளைவுக்கு நாய் பயப்படுங்க ஐயா. குட்டியில இருந்து எங்கம்மா மடியிலதான் அடங்கும்.”

“அப்ப மனுசியையும் ஏத்தன்! ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?”

மாரியாயியைத் தூக்கிப் பின்சீட்டில் சன்னாசியின் தோளில் சாய்த்து உட்கார வைத்தார்கள். சிற்றம்பலமே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய்க்குக் குளிரக் கூடாது என்று துரைசாணி தன் கம்பளியைக் கொடுத்தனுப்பினாள். பிரின்ஸ் பழைய மடியில் சுருண்டு உடனே தூங்கிப்போனது.

கார் லயத்தைத் தாண்டும்போது பெரியாயி காறித் துப்பினாள்.

“சாகக் கெடக்குறவள நாய்க்கு மெத்தையாக்கிட்டானே பாவி!”

பதுளை டவுனுக்குள் நுழைந்ததும் சன்னாசி முன்னால் குனிந்தான்.

“ஆஸ்பத்திரிக்கு விடுங்க அலவி நானா.”

டிரைவர் அலவி கண்ணாடியில் மாரியாயியைப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் காரைத் திருப்பினார்.

அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

“சாப்பாடு புரைக்கேறி நெஞ்சிலை சளி கட்டிப்போட்டுது. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் ஒண்டும் செய்திருக்கேலாது. இனித் தப்பிடுவா.”

சன்னாசி சுவரைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு காருக்கு வந்தான். கம்பளிக்குள் பிரின்ஸ் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

“சரி தம்பி, இதையும் டாக்டருக்குக் காட்டோணுமே. சாப்பிடல்லையாமே?” என்றார் அலவி.

“அது எப்பிடிச் சாப்பிடும் நானா? பெரியாயி அக்காவோட கோழி முழுசும் அது வயித்துலதானே இருக்கு!”