நான் என்று சொல்லுங்கள்

"மறுபடியும் 'வி'ன்னு, நாங்கன்னு சொல்றீங்க, அங்கிள். 'ஐ'ன்னு சொல்லுங்க லா!"

மோகனப்பிரியா பேனாவை மேசைமேல் போட்டாள். எதிரே துரைசாமி, வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர்போல் நெளிந்தார். வயது ஐம்பத்தொன்பது.

"கிடங்குல எல்லாருந்தானேம்மா சேர்ந்து செஞ்சோம். நான்தான் செஞ்சேன்னு எப்படிச் சொல்றது? வாய் கூசுது."

"கூசட்டும். அடுத்து இன்டர்வியூவுக்கு வர்றவன் கூசாம சொல்லிட்டு வேலையைத் தட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் நம்ம அடக்கத்தை வச்சு என்ன செய்யறது?"

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது அந்த அலுவலகம். வேலை போனவர்களுக்கு வேறு வேலை தேடிக்கொள்ளக் கற்றுக்கொடுக்கும் நிறுவனத்தின் கிளை. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் மோகனப்பிரியாவிடம்தான் அனுப்புவார்கள்.

துரைசாமி சரக்குக் கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர். கிடங்கை எல்லை தாண்டி மலேசியாவில் ஜொகூருக்கு மாற்றிய முதலாளி, ரேக்குகளைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார். துரைசாமியை விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனிதர் உட்லண்ட்ஸ் வீட்டில் தினமும் காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பையோடு கிளம்பி, நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதாம். மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் தெரியாததுபோல் அவள் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாளே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

முன்னால் இருந்த ஆலோசகர்கள் அவருடைய குறையைச் சரிசெய்யக் கிளம்பினார்கள். கம்ப்யூட்டர் வகுப்பு, அது முடிந்தால் மறுபடியும் கம்ப்யூட்டர் வகுப்பு. மவுஸைப் பிடித்தாலே வியர்த்துப்போகிற மனிதருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போனதுதான் மிச்சம். மோகனப்பிரியா வந்துதான் அந்தக் கூத்தை நிறுத்தினாள்.

"வராததை விட்டுத் தள்ளுங்க. வர்றதைப் பேசுவோம். கிடங்குல சண்டை வந்தா யாரு போவாங்க?"

"நான்தான் போவேன்."

"யாராவது அழுதா?"

"எங்கிட்டதான் வருவாங்க. பெரிசா என்ன செஞ்சிடப் போறேன்? உட்கார வச்சுக் கேப்பேன். பேசி முடிச்சா அவங்களே தெளிஞ்சிடுவாங்க."

"இதுதான் அங்கிள் உங்க பலம்! இது எந்தக் கிளாஸ்லயும் கிடைக்காது. நாளைக்கு இன்டர்வியூல இதைச் சொல்லுங்க. கம்ப்யூட்டரைப் பத்திக் கேட்டா கத்துக்கிறேன்னு ஒரே வரியில முடிச்சிடுங்க."

நாளைக்குத் தஞ்சோங் பகாரில் அவருக்குக் கடைசிச் சுற்று நேர்முகம். ஒரு ஏஜென்சி மூலமாக வந்த வேலை. ஆட்களோடு பேசிப் பழகுகிற வேலை என்பதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. கம்பெனி பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்றார்களாம். சில இடங்களில் அப்படித்தான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அவள் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். நாலு தடவை உளறிய பிறகு துரைசாமி நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐ கேன் டாக் டு பீப்பிள்," என்றார். குரலில் நடுக்கமில்லை. அவளுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

அவரோ மறுபடியும் தொய்ந்துபோனார்.

"ஒரு விஷயம் மனசை அறுக்குதும்மா. அந்த வேலையில இப்ப ஒருத்தங்க இருக்காங்க. நல்லா வேலை பாக்கிறவங்கதான். வேலையை விட்டு எடுக்கப் போறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

மோகனப்பிரியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"அங்கிள், உங்களை அனுப்பினப்ப யாராவது உங்களைப் பத்தி யோசிச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம் நீங்க மட்டும் ஏன்? நீங்க போகலைன்னா அவங்களை வச்சுக்கப் போறாங்களா? வேற ஆளைப் போடுவாங்க, அவ்வளவுதான். பாவம் பாக்கிறதுதான் உங்க வீக்னஸ். அதை வாசல்லயே விட்டுட்டு உள்ள போங்க."

துரைசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வந்து, விழுங்கிவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். முகத்தில் களையே இல்லை.

"கிடைக்கலையா, அங்கிள்?"

"கிடைச்சிடுச்சும்மா. நானே நேர்ல வந்து சொல்லணும்னு தோணுச்சு."

அவள் துள்ளி எழுந்தாள். கண் கலங்கிவிட்டது. இந்த வேலைக்கு வந்ததற்கு இப்படி ஒரு நாள் போதும் என்று நினைத்தாள்.

"ஐ, ஐன்னு சொன்னீங்களா?"

"நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரியே சொன்னேன். பாவம் பாக்காம கையெழுத்தும் போட்டுட்டேன்."

"சூப்பர்! ஆன்ட்டிகிட்டச் சொல்லிட்டீங்களா? சரி, அப்புறம் ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? திங்கட்கிழமை எங்க வரச் சொல்லியிருக்காங்க?"

துரைசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

"இங்கதாம்மா, உங்க இடத்துக்கு. ஒவ்வொரு ஆளுக்கும் நீங்க ரொம்ப நேரம் எடுத்துக்கிறீங்களாம்."