நீலக் கவுன் சீமாட்டி

இன்றும் அந்த ஆள் வந்து நின்றதைப் பார்த்ததும் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

கண்காட்சி அறை நிறைய ருஷ்ய ஓவியங்கள். பனிக்காடு, குதிரை வண்டி, தாடிக்காரர்கள். ஓவியர் பெயரைப் படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இந்த ஆளோ வேறெதையும் ஏறெடுத்தும் பார்க்காமல், தினமும் நேராக நீலக் கவுன் சீமாட்டியின் படத்திடம்தான் போவான்.

ரசிப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. காவலாளியின் மகளே திறப்பு நாளில் அந்தச் சீமாட்டி முன்னால் வாயைப் பிளந்து நின்றவள்தான். ஆனால் இவன் காற்றிலேயே சாண் போட்டு அளக்கிறான். சட்டைக் காலரில் குண்டூசி வேறு. எதையோ நெம்பத்தான் என்று காவலாளி முடிவு கட்டிவிட்டார்.

"ஒரு படத்துக்கு ஏதாவது ஆச்சு, உங்க வேலை போச்சு" என்று மேலாளர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். இப்போது வேலை போனால் சம்பந்தி முகத்தில் எப்படி விழிப்பது?

கூட்டம் கலைந்ததும் அந்த ஆள் பூனை மாதிரி நெருங்கி வந்தான்.

"அண்ணே, இந்தப் படத்த ஒரே ஒரு நிமிஷம் எறக்கித் தர்றீங்களா?"

"என்னது?"

"மெதுவாண்ணே. நீங்க கண்டிப்பா ஒத்தாசை பண்ணுவீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க."

அனுப்பினார்களா? அப்படியானால் கூட்டமே இருக்கிறது! காவலாளி பாய்ந்து அவன் காலரைப் பிடித்தார். குண்டூசி குத்தியும் விடவில்லை.

"மேடம், ஓடி வாங்க! திருடன்!"

மேலாளர் அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார். அந்த ஆள் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் காட்டினான்.

"திருடன் இல்ல மேடம், தையக்காரன். ஒரு பொண்ணு இதே கவுன்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. முன்பக்கம் தெச்சுட்டேன். முதுகுப்பக்கம் எப்படின்னு தெரியல. படத்தத் திருப்பினா தெரிஞ்சுடும்னு அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு."

மேலாளர் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காவலாளிக்கு மட்டும் ஆத்திரம் அடங்கவில்லை.

"படத்துக்குப் பின்னாடி முதுகு இருக்கும்னு சொன்ன அந்த அறிவுக்கொழுந்து யாருய்யா? எந்த மடையன் பெத்த பொண்ணு?"

தையல்காரன் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

"உங்க பொண்ணுதாண்ணே."