மஞ்சள் ஜிப்பா

"நலங்குன்னா வெறும் ஒடம்போட மணையில ஒக்காரணும். இது என்ன அண்ணி கூத்து? ஆம்பளைங்க எல்லாம் மஞ்சக் கலர் ஜிப்பா!" என்றாள் நாத்தனார் தையல்நாயகி.

அஞ்சலாட்சிக்கும் அதே எரிச்சல்தான். எல்லாம் மருமகன் ஜானகிராமன் ஏற்பாடு. வடநாட்டு நலங்கு, 'ஹல்தி'யாம். அரியாங்குப்பத்தில் இந்தத் தெருவில் இதுவரை யாரும் செய்ததில்லை.

ஒரே மகன். அவன் மார்பிலும் முதுகிலும் தன் கையால் மஞ்சள் பூச எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்.

இளஞ்செழியன் கழுத்துவரை பட்டன் போட்டு உட்கார்ந்திருந்தான். ஏறிப்போயிருந்த நெற்றியில் மறுபடி முடி வந்திருந்தது. "தல இப்படிக் காலியானா எவடா கட்டிக்குவா?" என்று அவள் நச்சரித்ததற்குப் பலன்.

"கழட்டுடா, ரெண்டு கை பூசிட்டுப் போறேன்." பட்டனில் கை வைத்தாள்.

அவன் ஜிப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முகம் வெளிறிப்போனது.

"அத்த, வீடியோல ஜிப்பாதான் எடுப்பா இருக்கும்!" ஜானகிராமன் குறுக்கே பாய்ந்து கிண்ணத்தைப் பிடுங்கி, மச்சான் கன்னத்தில் மஞ்சளை அப்பினான். கூட்டம் சிரித்தது.

"வழக்கத்தக் கெடுக்கன்னே வந்து வாச்சிருக்கு" என்றாள் தையல்நாயகி, அவன் காதில் விழும்படி. அவன் பல்லைக் காட்டினான்.

மகன் குளிக்கத் துண்டு எடுத்துக்கொண்டு அஞ்சலாட்சி உள்ளே போனாள். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது.

"எனக்காக நீங்க ஏன் மாமா பேச்சு வாங்கணும்? அம்மாகிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு? 'நீ சொன்னன்னு முடிக்கு மாத்திர போட்டேம்மா, மாரு பொம்பளைக்கு மாதிரி வீங்கிடுச்சு'ன்னா? அத்த ஒடஞ்சி போயிடும்டா."

"கொறையலன்னா?"

"மாத்திரைய நிறுத்தியாச்சில்ல, கொறையும்னு டாக்டர் சொல்றாரு. கொறையலன்னா சின்ன ஆபரேஷன். கட்டிக்கப்போறவகிட்ட சொல்லிட்ட. அது சிரிச்சிட்டு, 'சரி'ன்னுடுச்சி. தெருவுக்கு எதுக்குத் தெரியணும்?"

அஞ்சலாட்சி துண்டைக் கதவில் போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பினாள்.

வாசலில் தையல்நாயகி இன்னும் விடவில்லை. "இந்தக் கண்றாவியெல்லாம் இங்க யாரு கேட்டாங்கன்றேன்?"

"நான்தான் கேட்டேன்" என்றாள் அஞ்சலாட்சி. "மாப்ளைய ஒண்ணும் சொல்லாத."