பொலும்பு கலந்த தேநீர்

பொலும்பு அடுப்படியிலிருந்து ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அண்ணி செலஸ்தீன் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். இடுப்புத் துணி முடிச்சிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, கரண்டியால் நசுக்கித் தேநீரில் போட்டுக் கரையும்வரை கலக்கினாள்.

"இஞ்சி தூக்கலா போட்டிருக்கேன் அண்ணி. ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க."

செலஸ்தீன் குடித்தாள். அவள் கால்கள் மரவள்ளி மாவு மூட்டையின்மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தன. தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரே பருமன். விரலால் அழுத்தினால் விழும் குழி நெடுநேரம் அப்படியே நிற்கும்.

பொலும்பு கீழே உட்கார்ந்து, பாதத்திலிருந்து முழங்கால்வரை கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றினாள். இரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. உப்பில்லாத மீன் குழம்பு வைப்பாள். சாயங்காலம் அண்ணியைக் கைத்தாங்கலாகச் சந்துக்குள் நாலு நடை நடத்துவாள்.

"இந்த வாரம் நல்லா வத்தியிருக்கு அண்ணி. துணி ரெண்டு சுத்து கூட வருது பாருங்க."

செலஸ்தீன் காலைப் பார்த்தாள்.

அவள் கணவன் இலோங்கா ஆற்றுச் சரக்குப் படகில் சுக்கான் பிடிப்பவன். கின்ஷாசாவிலிருந்து ம்பண்டாக்கா போய்த் திரும்ப ஆறு வாரம் ஆகும். கடைசியாகப் போனபோது நாலு மாதம் கழித்துத்தான் வந்தான். இயந்திரம் பழுது என்றான். இப்போது முதலாளி அவனையே படகுக்குத் தலைவனாக்கியிருந்தார். வெள்ளிக்கிழமை புறப்பாடு.

புதன்கிழமை அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். புதிதாக வந்திருந்த டாக்டரம்மா காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், துணியை விலக்கி வயிற்றைக் காட்டச் சொன்னார்.

"இது வெறும் பருமனால வந்த வீக்கம் இல்ல. முகம் உருண்டிருக்கு. வயித்துத் தோல் கோடு கோடா வெடிச்சிருக்கு. உடம்பு பெருக்கும்னு சந்தையில ஹார்மோன் மாத்திரை விக்கிறாங்களே, அதைச் சாப்பிடுறியா?"

"சத்தியமா இல்ல டாக்டரம்மா."

"அப்ப உனக்குத் தெரியாம யாரோ குடுக்கிறாங்க. வீக்கம் எப்ப கூடுது?"

இலோங்கா பதில் சொன்னான். "நான் படகுக்குக் கிளம்புற நேரம் பார்த்துத்தான் கூடும். இவளை இப்படி விட்டுட்டு எப்படிப் போறது? நின்னுடுவேன்."

"வீட்டுல சமையல் யாரு?"

"என் தங்கச்சி. புருஷன் செத்ததுலேருந்து எங்களோடதான் இருக்கா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போச்சுன்னா எலும்பு பொடிஞ்சிடும். சர்க்கரை ஏறும். அப்புறம் எழுந்து நடக்கவே முடியாது."

 மறுநாள் காலையில் இலோங்கா வெளியே போவதுபோல் போய், கொல்லைப் பக்கமாக வந்து நின்றான். பொலும்பு மாத்திரையை நசுக்கினாள். பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தான்.

"என்னடி கலக்குற?"

"அண்ணா, ஆஸ்பத்திரியில குடுத்த, நீரை இறக்குற மாத்திரைண்ணா. அண்ணி முழுங்க மாட்டேங்கிறாங்க. தினம் வாய்க்கால்ல துப்பிடுறாங்க. அதான் தெரியாமக் கலந்து குடுக்கிறேன்."

"வீக்கத்துக்கான மருந்தை எவளாவது துப்புவாளா? சொந்த அண்ணன் பொண்டாட்டியை ஊத வச்சுப் படுக்கப் போட்டுட்டு, வீட்டை நீ ஆளலாம்னு பார்த்தியா?"

பொலும்பு ஓடிப்போய்ச் செலஸ்தீனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, நீங்க சொல்லுங்க. துப்புனீங்கதானே? சொல்லுங்க அண்ணி."

செலஸ்தீன் துணியை முழங்காலுக்குமேல் இழுத்து மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ குடுத்ததைக் குடிச்சேன்."

இலோங்கா தங்கையைத் தலைமுடியோடு பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனான். அவள் துணி மூட்டை சேற்றில் விழுந்தது. சத்தம் கேட்டுச் சந்து கூடிவிட்டது. யாரோ ஒருத்தி "சூனியக்காரி" என்றாள். அடுத்த நிமிடம் எல்லோரும் அதையே சொன்னார்கள். முதல் கல் அவள் தோளில் பட்டது. இரண்டாவது நெற்றியில். மூட்டையை எடுக்காமலே பொலும்பு ஓடினாள். எந்த வீட்டுக் கதவும் திறக்கவில்லை.

இலோங்கா உள்ளே வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்து அழுதான். பாதி அவிழ்ந்திருந்த கட்டுத்துணியை எடுத்து அவனே சுற்றினான். அவனுக்குச் சுற்றத் தெரியவில்லை.

"உன்னை யார் கையில நம்பி விட்டுட்டுப் போவேன்? எனக்குப் பதவியும் வேண்டாம், படகும் வேண்டாம். முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடுறேன். இனிமே ஆத்துப் பக்கமே போக மாட்டேன்."

"பார்த்துப் போயிட்டு வாங்க," என்றாள் செலஸ்தீன்.

அவன் தலை மறைந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சு வாங்கினாள். தெருமுனையில் தட்டு நிறைய மாத்திரை பரப்பி உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.

"கால் வடிய ஆரம்பிச்சிருச்சுக்கா. உடம்பு ஊதுற அந்த மாத்திரையிலேயே இன்னொரு அட்டை குடுங்க."