வியாழன் பேசிய முகூர்த்தம்

இப்போதெல்லாம் முகூர்த்தத்தை ஜோசியர் குறிப்பதில்லை. வியாழன் கிரகத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்து, மண்டபத்துக் கருவி படபடத்த பிறகுதான் தாலி கட்ட வேண்டும். குரு பேசும்வரை இரு வீட்டாரும் தண்ணீர்கூடத் தொடக்கூடாது. பக்திக்குப் பஞ்சமே இல்லாத காலம்.

யாழினியின் கல்யாணத்தில் மதியமாகியும் குரு வாய் திறக்கவில்லை. சர்க்கரை நோயாளியான அவளுடைய அப்பா சென்னியப்பனுக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது.

"அப்பாவுக்கு ஒரு வாய் ஜூஸ் குடுங்க," என்று கெஞ்சினாள்.

"குரு கோவிச்சுக்குவாரு அம்மிணி. சம்பந்தி தாங்குவாரு," என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன் குப்புராஜ், கருவியிலிருந்து காதை எடுக்காமல். கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் கேட்கிற காது அது. பக்கத்து நாற்காலி முனகல் அதற்கு எட்டவில்லை.

மாப்பிள்ளை மகிழன் மணையை விட்டு எழுந்து, மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சமையற்கூடத்துக்குப் போனான். சற்று நேரத்தில் கருவி படபடத்தது.

"குரு பேசிட்டாரு! மாப்பிள்ளை எங்கப்பா?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. படபடப்பு நின்றது. மகிழன் ஆரஞ்சு ஜூஸோடு வந்து மாமனாருக்குப் புகட்டினான்.

"பேசினதுக்கு அப்புறந்தான குடிக்கறாரு, தோஷமில்லை," என்று மன்னித்தார் குப்புராஜ்.

மகிழன் மணையில் உட்கார்ந்து யாழினியிடம் குனிந்தான். "பழைய மிக்ஸி. ஓட்டுனா ரேடியோவெல்லாம் படபடக்கும்."

"குரு வேற எப்படிங்க பேசுவாரு?" என்று அவள் தாலிக்குத் தலை குனிந்தாள்.